தூங்குவதற்கு ஒரு வகுப்பு

அவர் குறட்டை விட ஆரம்பித்தால் எனக்கு எரிச்சலாக வரும். காலை ஆறரை மணிக்கு எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டை மாடி ஹாலில் பதினைந்து பெண்கள் பாய் விரித்துக் கண்ணை மூடிப் படுத்திருப்போம். யோகா சார் மெல்லிய குரலில், கால் விரலைத் தளர்த்துங்கள், முழங்காலைத் தளர்த்துங்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வருவார். அவர் இடுப்புக்கு வந்து சேர்வதற்குள் ஜன்னலோரப் பாயிலிருந்து சத்தம் கிளம்பிவிடும். சின்னக் குறட்டையெல்லாம் இல்லை. மீனம்பாக்கத்தில் கிளம்பிய விமானம் தலைக்கு மேலே போகும்போது மட்டும் அது கேட்காது. விமானம் தாண்டியதும் மறுபடி கேட்கும்.

குறட்டை விட்டவர் இரண்டாவது மாடியில் குடியிருந்தார். அப்போது ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். பெயரை எழுத மனசு வரவில்லை. எழுதினால் யாராவது அவரிடம் கொண்டுபோய்க் காட்டுவார்கள். அவரும் படித்துவிட்டு, இவள் இத்தனை நாளாக மனசுக்குள் கஷ்டப்பட்டிருக்கிறாளே என்று எனக்காக வருத்தப்படுவார். அந்த மாதிரி ஆள். எங்கள் பிளாட்டில் எல்லோருக்கும் அவர் அக்கா. அவரைவிட நாலைந்து வயது மூத்தவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அதற்கும் அவர் ஒன்றும் சொன்னதில்லை.

எதற்குமே ஒன்றும் சொல்ல மாட்டார் என்பதுதான் அவருடைய விசேஷம். அஸ்தினாபுரத்தில் இருபத்து நாலு வீடுகள் உள்ள ஒரு குடியிருப்புக்குச் சங்கச் செயலாளராக இருந்து பார்த்தால் அந்தக் குணத்தின் அருமை தெரியும். நான் ஆறு வருஷமாகச் செயலாளர். தண்ணீர் லாரி வந்தால் ஒரு சண்டை, வராவிட்டால் ஒரு சண்டை. லிஃப்டில் குப்பைப் பையை யார் வைத்தது என்பதற்கு வாட்ஸப்பில் நாற்பது செய்திகள். இந்த அமளியில் இரண்டாவது மாடியிலிருந்து மட்டும் ஒரு வார்த்தை வராது. போய்க் கேட்டால், "உங்களுக்கு எது சௌகரியமோ அப்படியே செஞ்சுக்கலாம்" என்பார்.

நிழலான பார்க்கிங் அவர்களுடையது. கணவருக்குப் பக்கவாதம் வந்து கார் ஓட்ட முடியாமல் போன பிறகு காரை விற்றுவிட்டார்கள். இடம் காலியாக இருக்கிறதே என்று மூன்றாவது மாடிக்காரர் ஒரு நாள் வண்டியை நிறுத்தினார், அப்புறம் தினமும் நிறுத்தினார். அக்காவின் மகள் ஓட்டும் ஸ்கூட்டி வெளியே வெயிலில் நின்று சீட் வெடித்துப் போயிற்று. நான் நியாயம் பேசப் போனபோது, அவர் சின்னக் குழந்தையை வைத்துக்கொண்டு அலைகிறார், இருந்துவிட்டுப் போகட்டும் என்று அக்காவே எனக்குச் சமாதானம் சொல்லி அனுப்பினார். எனக்கு உள்ளூர நிம்மதிதான். ஒரு சண்டை குறைந்தது.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு ஒரு முறை அவரோடு போயிருக்கிறேன். மகளுக்கு அன்று லீவு, அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தது, அதனால் வந்தார். எனக்குச் செடித்தொட்டி வேண்டியிருந்தது. அவர் கத்தரிக்காய்க் கடையில் உட்கார்ந்து, நல்ல காயையெல்லாம் ஒதுக்கிவிட்டு வதங்கினதாகப் பார்த்து எடுத்துக்கொண்டிருந்தார். கடைக்காரப் பெண்மணிக்கே பொறுக்கவில்லை.

"இன்னாக்கா நீ, நல்லது இம்மாங் கீது, சொத்தையா பாத்து பொறுக்கிகினு கீற?" என்றாள்.

நல்லதை மற்றவர்கள் வாங்கிவிடுவார்கள், இதை யார் வாங்குவார்கள் என்றார் அக்கா. கடைக்காரி என்னைப் பார்த்து, தலையைச் சுற்றி விரலால் ஒரு வட்டம் போட்டுக் காட்டினாள். நானும் சிரித்தேன்.

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் அவர் தலை என் தோளில் சாய்ந்து சாய்ந்து விழுந்தது. குரோம்பேட்டை சிக்னலில் ஆட்டோ குலுங்கி நின்றதும் விழித்துக்கொண்டு, கூச்சத்தோடு முகத்தைத் துடைத்துக்கொண்டார். யோகாவில் போதாதா, இங்கேயுமா என்று நான் கிண்டல் செய்தேன். அப்போதுதான் சொன்னார்.

"நான் யோகாவுக்கா வரேன்? தூங்கத்தான் வரேன். உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன."

கதை இவ்வளவுதான். கணவருக்கு வலது பக்கம் முழுக்க விழுந்து நாலு வருஷம். படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். ராத்திரி, பகல் எல்லாம் அப்படித்தான். மகள் சோழிங்கநல்லூரில் ராத்திரி ஷிஃப்ட் முடிந்து கம்பெனி வண்டியில் ஐந்தரைக்கு வந்து இறங்குவாள். ஏழு மணி வரை அவள் அப்பாவிடம் உட்காருவாள். ஆனால் அக்கா வீட்டுக்குள் இருந்தால் கணவருக்கு மகள் போதாது. தண்ணீர் வேண்டுமென்றாலும், ஃபேனைக் குறைக்க வேண்டுமென்றாலும், சும்மாவே வேண்டுமென்றாலும் அக்காவைத்தான் கூப்பிடுவார். சமையலறையில் தலை சாய்த்தாலும் கூப்பிடுவார். அக்காவுக்குச் சர்க்கரை இருக்கிறது, தினமும் ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்யாவிட்டால் கஷ்டம் என்று ஒரு டாக்டர் அவர் எதிரிலேயே சொல்லியிருந்தார். அதனால் யோகா வகுப்பு என்றால் மட்டும் விட்டுவிடுவார்.

"போய்ட்டு வா, உடம்பைப் பாத்துக்கோன்னு அவரே சொல்லி அனுப்பறார். நான் மேல வந்து கட்டையை நீட்டிடறேன். துரோகம்தான், இல்ல?" என்று சொல்லிச் சிரித்தார்.

நல்ல ஆள்தான் அக்கா நீங்கள் என்று நானும் சிரித்தேன். இதை இவ்வளவு விவரமாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. எனக்குத் தெரியாது என்று பிற்பாடு நான் பலமுறை எனக்கே சொல்லிக்கொண்டேன். தெரியும். ஷேர் ஆட்டோவில், பக்கத்தில் உட்கார்ந்து, காதால் கேட்டேன்.

யோகா சாரும் தெரிந்துதான் விட்டிருந்தார் என்று நினைக்கிறேன். தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் வகுப்பில் உடம்பை முறுக்குவது, ஒற்றைக் காலில் நிற்பது எல்லாம் கிடையாது. வீட்டிலிருந்து ஆளுக்கு இரண்டு தலையணை கொண்டுவரச் சொல்வார். ஒன்றை மார்புக்கடியில் வைத்துக் குப்புறக் கவிழ்ந்து ஐந்து நிமிஷம், சுவரில் காலைத் தூக்கிச் சாய்த்துக்கொண்டு பத்து நிமிஷம், கடைசியில் மல்லாந்து இருபது நிமிஷம். ஏழு மணிக்கு எல்லோரும் எழுந்து பாயைச் சுருட்டுவோம். அக்கா எழுந்திருக்க மாட்டார். எழுப்பவேண்டாம் என்று சார் விரலை உதட்டில் வைப்பார். பிறகு ஒரு மூலையில் உட்கார்ந்து, அன்றைய பேப்பரைச் சத்தம் வராமல் மெதுவாகப் புரட்டிக்கொண்டு, அவர் தானாக விழிக்கும் வரை காத்திருப்பார். ஏழே காலுக்குள் அக்கா விழித்துவிடுவார். விழித்ததும் ஐயோ என்று பதறித் தலையணைகளை அள்ளிக்கொண்டு படியில் ஓடுவார்.

ஹாலைப் பூட்டும் சாவி என்னிடம்தான் இருந்தது. அவர் விழிக்கும் வரை நான் வாசலில் சாவியோடு நிற்கவேண்டும். எனக்குக் கிண்டியில் ஆபீஸ், ஏழு ஐம்பதுக்கு ரயில். சமையல், டிஃபன் பாக்ஸ், குளியல் எல்லாம் அந்த இடைவெளிக்குள். பவர் யோகா என்ற வேகமான வகுப்புதான் வேண்டும் என்று பிற்பாடு நான் பிடித்துக்கொண்டதற்கு ஊருக்குச் சொன்ன காரணம் கொலஸ்ட்ரால். சொல்லாத காரணம் இந்தப் பத்து, பதினைந்து நிமிஷம்.

கொலஸ்ட்ராலும் பொய்யில்லை. அந்த வருஷம் ஆபீசில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் எல்லாமே கோட்டுக்கு மேலே இருந்தது. நாள் முழுக்க நாற்காலியில் உட்காருகிறவள் காலையில் எழுந்து மறுபடி படுத்துக்கொண்டால் எப்படி இளைக்கும்? என் ஆபீஸ் தோழி ஒருத்தி வேகமான யோகா செய்து ஆள் அடையாளம் தெரியாமல் மெலிந்திருந்தாள். நான் வாட்ஸப்பில் எழுதினேன்: வேர்க்காத யோகாவால் யாருக்கு என்ன பிரயோஜனம், படுத்துக்கிடக்க நமக்கு வீட்டில் கட்டில் இல்லையா? எழுதிவிட்டு என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். பதிலுக்குப் பதில் வந்தது. சூரிய நமஸ்காரம் செய்தால் முட்டி போய்விடும் என்று ஒருத்தர் வீடியோ அனுப்பினார். செய்யாவிட்டால் இதயம் போய்விடும் என்று இன்னொருத்தர் அனுப்பினார். அக்கா எல்லா வீடியோவுக்கும் ஒரு கும்பிடு போட்டார்.

விஷயம் சார் காதுக்கும் எட்டியது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. வாரத்தில் மூன்று நாள் அவர் வகுப்பு, மூன்று நாள் புது வகுப்பு என்று வைத்துக்கொள்ளலாமே, யாருக்கு எது தேவையோ அதற்கு வரட்டும் என்று என்னிடம் வந்து சொன்னார். நல்ல யோசனைதான். இரண்டு ஆசிரியர், இரண்டு நேரம், யார் ஒருங்கிணைப்பது, சரிப்படாது சார் என்றேன். ஓட்டெடுப்பு வைத்துவிடலாம் என்றேன்.

வாட்ஸப்பிலேயே வைத்தேன். 'ரிலாக்ஸ் யோகா', 'பவர் யோகா', இரண்டில் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணி வரை கெடு. ஐந்து மணிக்குப் பார்த்தால் ஏழுக்கு ஏழு. பதினைந்தாவது ஓட்டு இரண்டாவது மாடி.

நான் போனபோது அக்கா கணவருக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். இட்லியைப் பாலில் கரைத்து ஸ்பூனில் கொடுத்துக்கொண்டிருந்தார். கை முழுக்கப் பிசுக்கு. அவர் கணவர் என்னைப் பார்த்து இடது கையால் வணக்கம் சொன்னார். இன்னும் ஓட்டுப் போடவில்லையே அக்கா என்றேன். ஃபோன் டிவி பக்கத்தில் இருக்கிறது, நீங்களே போட்டுவிடுங்கள் என்றார்.

ஒப்புக்குக் கேட்டேன். "உங்களுக்கு எது வேணும்க்கா?"

அவர் ஸ்பூனை அந்தரத்தில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். கணவர் பக்கம் ஒருமுறை பார்த்தார். அந்த மனிதர் கேட்டுக்கொண்டிருக்கும்போது, எனக்குத் தூங்கும் யோகாதான் வேண்டும் என்று எப்படிச் சொல்வார்? அது அப்போதே எனக்குப் புரிந்தது.

"எல்லாரும் எதைக் கேக்கறாங்க?" என்றார்.

"நெறைய பேர் பவர் யோகாதான் கேக்கறாங்க."

"அப்ப அதையே போட்டுடுங்க மேடம்."

பூட்டு எதுவும் போடாத ஃபோன். என் விரலால்தான் தொட்டேன். எட்டுக்கு ஏழு ஆயிற்று. ஓட்டுக்குக் கீழே அவர் பெயர் விழுந்ததைப் பார்த்துவிட்டு ஃபோனை இருந்த இடத்தில் வைத்தேன். காபி குடிக்கிறீர்களா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன்.

அந்த மாதக் கடைசியில் சாருடைய வகுப்பு முடிந்தது. கடைசி நாள் எல்லோரும் போன பிறகும் அவர் வழக்கம்போலப் பேப்பரோடு உட்கார்ந்திருந்தார். நான் வாசலில் சாவியோடு நின்றேன். அக்கா விழித்துத் தலையணைகளை அள்ளும்போது சார் எழுந்து பக்கத்தில் போனார்.

"நீங்க இங்க தூங்கறதுல எனக்கு ஒரு கஷ்டமும் இருந்ததில்லம்மா. எனக்குத் தொந்தரவுன்னு நெனச்சு மாத்திப் போட்டீங்களோன்னுதான் கேக்கறேன்."

வாட்ஸப்பில் யார் எதற்குப் போட்டார்கள் என்பது பெயரோடு தெரியும். அவர் அதைப் பார்த்திருக்கிறார். தன் வகுப்பை முடித்துவைத்த ஓட்டு யாருடையது என்று தெரிந்துகொண்டுதான் அந்த மாதம் முழுக்கப் பேப்பரைச் சத்தமில்லாமல் புரட்டியிருக்கிறார்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. தலையணை உறையைச் சரிசெய்துகொண்டே, "அப்படியெல்லாம் இல்ல சார். எனக்கும் கொஞ்சம் உடம்பு எளைக்கணும்" என்றார்.

நான் அப்போது வாயைத் திறந்திருக்க வேண்டும். சார், போட்டது நான், அக்கா இல்லை என்று ஒரு வாக்கியம். வாயில் கொழுக்கட்டையை வைத்ததுபோல நின்றேன். சார் சரியம்மா, நல்லது என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். அக்காவும் இறங்கினார். நான் ஹாலைப் பூட்டினேன். ஏழு ஐம்பது ரயிலைத் தாராளமாகப் பிடித்தேன்.

புது வகுப்புக்கு ஒரு இளம் பயிற்சியாளர் வந்தாள். சுறுசுறுப்பான பெண், அவள்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஸ்பீக்கரில் பாட்டை அலறவிட்டுப் பன்னிரண்டு சுற்று சூரிய நமஸ்காரம், அப்புறம் பலகை மாதிரிக் கைகளால் ஊன்றிக்கொண்டு ஒரு நிமிஷம், அப்புறம் மறுபடி முதலிலிருந்து. கடைசியில் படுக்கிற நேரம் இரண்டே நிமிஷம். அதிலும் பாதி நேரம் மறுநாள் என்ன செய்யப் போகிறோம் என்று சொல்லுவாள்.

அக்கா வர மாட்டார் என்று நினைத்தேன். வந்தார். வகுப்பு இல்லையென்றால் வீட்டை விட்டு வெளியே வர அவருக்குச் சாக்கு இல்லை. மொட்டை மாடியில் வேறெங்காவது படுக்கலாம் என்றால் ஸ்பீக்கர் சத்தம். அதோடு ஓட்டுப் போட்டவர் வராமல் இருந்தால் நான்கு பேர் நான்கு விதமாகப் பேசுவார்களே என்றும் நினைத்திருப்பார். சுடிதாரின் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு பன்னிரண்டு சுற்றும் செய்தார். ஒரு நாள்கூட விடவில்லை. பயிற்சியாளர் அவரை முன் வரிசைக்குக் கூப்பிட்டு நிறுத்தி, ஆண்ட்டியைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று எங்களிடம் சொன்னாள். அக்கா வெட்கப்பட்டார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பார்த்தாயா, அவருக்கும் இது நல்லதுதான் என்று மனசுக்குள் ஒரு கணக்கு முடிந்தது.

மூன்று மாதத்தில் நான் நாலு கிலோ குறைந்தேன். கொலஸ்ட்ரால் கோட்டுக்குக் கீழே வந்தது. அதை மறைப்பானேன். என் உடம்புக்கு அசைவு தேவைப்பட்டது, கிடைத்தது. நாள் பூராவும் ஒரு கனமான மனிதரைத் தூக்கித் திருப்பிக்கொண்டிருந்த உடம்புக்கு என்ன தேவை என்று நான் யோசிக்கவில்லை. எனக்குப் பசித்த வேளையில் ஊருக்கே பந்தி போட்டுவிட்டேன்.

அக்காவும் மெலிந்தார். லிஃப்டில் நின்றபடியே கண் அசந்துவிடுவார், அவருடைய மாடி வந்து கதவு திறந்து தானாக மூடிக்கொள்ளும். இரண்டாவது மாடியிலிருந்து பால் தீய்ந்த வாசனை அடிக்கடி வர ஆரம்பித்தது. காவலாளிகூட ஒருமுறை என்னிடம், அந்த அக்கா தண்ணீர் கேனை வாங்கிக்கொண்டு படியிலேயே உட்கார்ந்து தூங்கிவிட்டார் என்று சொன்னார். நான் அக்காவிடம், சர்க்கரை கூடியிருக்கும், டெஸ்ட் எடுங்கள் என்றேன். சரி என்றார்.

அந்தச் செய்தி எனக்கு ஆபீசில் இருக்கும்போது வாட்ஸப்பில்தான் வந்தது. காலை பதினோரு மணிக்குக் கணவருக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தவர், கட்டில் விளிம்பில் தலையை வைத்தபடி தூங்கிவிட்டார். மகள் உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஷிஃப்ட் தூக்கத்தில் இருந்தாள். கணவர் தண்ணீருக்காகக் கையை நீட்டி, எட்டாமல் இன்னும் நீட்டி, மறுபக்கம் தரையில் விழுந்தார். விழுந்தவர் கூப்பிட்டிருக்கிறார். பாதிப் பெயரைச் சொல்வதற்குள் வந்து நிற்கிறவர், அன்று எழுந்திருக்கவேயில்லை. கீழ் வீட்டுக்காரர்களுக்குக் கேட்டு, அவர்கள் வந்து பெல் அடித்து, மகள் கதவைத் திறந்து, மூன்று பேர் அவரைத் தூக்கிக் கட்டிலில் போடும்போதுதான் அக்கா கண் விழித்தாராம். கணவருக்கு இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது.

ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வருகிறவர்களிடமெல்லாம் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். என்னிடமும் சொன்னார்.

"என் தப்புதான். பட்டப்பகல்ல தூங்கிட்டேன்."

அவரைச் சுற்றி நாலைந்து பேர் நின்றார்கள். அவர்கள் எதிரில் எப்படிச் சொல்வது என்று நான் நினைத்துக்கொண்டேன். விடுங்கள் அக்கா, நடந்தது நடந்துவிட்டது என்றேன். கொண்டுபோயிருந்த ஆப்பிளைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

முன்பெல்லாம் கணவரைப் பிடித்துச் சக்கர நாற்காலியில் உட்காரவைக்க முடியும். இடுப்பு போன பிறகு அதுவும் இல்லை, முழுக்கப் படுக்கை. எங்கள் லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் நுழையாது என்று கூடுவாஞ்சேரியில் தரைத்தளமாக ஒரு வீடு பார்த்து மாறிப் போனார்கள். சாமான் ஏற்றும் அன்று அக்கா என் வீட்டுக்கு வந்தார். வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டேன், அந்தப் பெண் தப்பாக எடுத்துக்கொள்ளாமல் நீங்கள் சொல்லிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். சொல்கிறேன் என்றேன். அவர் சண்டை போட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். பதிலுக்கு நானும் நாலு வார்த்தை பேசி, மனசு ஆறியிருக்கும்.

இரண்டு வருஷம் ஆயிற்று. இதற்கிடையில் பவர் யோகாவும் ஆள் குறைந்து நின்றுபோய், இப்போது அதே ஹாலில் நடனமாடி உடம்பைக் குறைக்கும் வகுப்பு நடக்கிறது. அக்காவிடம் எப்படிச் சொல்லவேண்டும், எங்கிருந்து ஆரம்பிக்கவேண்டும் என்று ரயிலில், குளிக்கும்போது, வெங்காயம் நறுக்கும்போது சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஃபோன் நம்பர் இருந்தது. ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. மன்னிப்பு என்றால் நேரில் கேட்பதுதான் மரியாதை என்று அதற்கும் ஒரு நியாயம் வைத்திருந்தேன்.

போன மாதம் ஒரு நாள் அரை நாள் லீவு எடுத்துக்கொண்டு மத்தியான ரயிலில் திரும்பினேன். செங்கல்பட்டு வண்டி. பெண்கள் பெட்டியில் பத்துப் பேர்கூட இல்லை. கிண்டியில் ஏறி உள்ளே போனால் ஜன்னலோரத்தில் அவர். இன்னும் மெலிந்திருந்தார், முன்னந்தலை முழுக்க நரைத்திருந்தது. ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்து வாயைக் கொஞ்சம் திறந்து நல்ல தூக்கம். மடியில் மருந்துப் பை, அதன் காதைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தார்.

எதிர் சீட்டில் உட்கார்ந்தேன். நான் இறங்கவேண்டிய குரோம்பேட்டைக்கு இன்னும் கால் மணி நேரம்தான். விட்டால் இந்தச் சந்தர்ப்பம் திரும்பக் கிடைக்காது என்று தோன்றியது. பரங்கிமலை போயிற்று. பழவந்தாங்கலில் வண்டி நின்று கிளம்பியதும் அவர் தோளைத் தொட்டு, "அக்கா" என்றேன்.

"வந்துட்டேங்க, தோ வந்துட்டேன்" என்று பாதி எழுந்துவிட்டார். மருந்துப் பை கீழே விழப் பார்த்தது. கண்ணைத் திறந்து நாலா பக்கமும் பார்த்து, பிறகு என்னைப் பார்த்து, அடையாளம் தெரிந்ததும் முகம் மலர்ந்தார். பெட்டியே காலியாக இருந்தும் நகர்ந்து இடம் விட்டார்.

பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஏழுக்கு ஏழாக இருந்ததை, நிறையப் பேர் என்று பொய் சொன்னதை, சார் கேட்டபோது ஊமையாக நின்றதை, சாவியை, பத்து நிமிஷத்தை, எல்லாவற்றையும். அழுதேன். எதிரில் பூக்கூடையோடு இருந்த அம்மாள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார்.

"இதையா இத்தன நாள் மனசுல வெச்சிருந்தீங்க? நீங்க வேணும்னேவா செஞ்சீங்க? நான் வாயத் தொறந்து சொல்லியிருக்கணும், சொல்லல. நீங்க அழாதீங்க மொதல்ல."

மீனம்பாக்கம், திரிசூலம், பல்லாவரம் வரை எனக்கு ஆறுதல் சொன்னார். கண்கள் சிவந்திருந்தன, நடுநடுவே கொட்டாவியைக் கைக்குள் மறைத்துக்கொண்டார். கணவர் அப்படியேதான் இருக்கிறார், மகளுக்கு வேலை வீட்டிலிருந்துதான் என்றார். அழுது முடித்த தெளிவில் நானும் குசலம் விசாரிக்க ஆரம்பித்தேன். இந்த மருந்துக்காகவா இவ்வளவு தூரம் அலைகிறீர்கள் என்று கேட்டேன்.

கொஞ்சம் தயங்கினார். ஷேர் ஆட்டோவில் சிரித்த அதே வெட்கத்தோடு சொன்னார்.

"கூடுவாஞ்சேரிலயே கெடைக்கும். எழும்பூர்லதான் கெடைக்கும்னு அவர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன். வாரத்துல ஒரு நாள். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். இன்னிக்குப் போறப்ப பயங்கரக் கூட்டம், நின்னுக்கிட்டேதான் போனேன்."

வண்டி குரோம்பேட்டையில் நுழைந்துகொண்டிருந்தது. நீங்கள் தூங்குங்கள் அக்கா, இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது என்றேன். சரி, நான் தூங்குகிறேன், நீங்கள் பார்த்து இறங்குங்கள் என்றார். இறங்கினேன். வண்டி நகரும்போது திரும்பிப் பார்த்தேன். ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து கண்ணை அகலத் திறந்து என்னைப் பிளாட்பாரத்தில் தேடிக் கண்டுபிடித்து, கையை ஆட்டிக்கொண்டே போனார்.

அன்று இரவு, ரொம்ப நாளைக்குப் பிறகு, நான் படுத்ததும் தூங்கிப்போனேன்.